வெண்மணிப் படத்துக்கு ஏன் ஒரு கைகூப்புகூட வரவில்லை?

என்னிடம் படித்த பிள்ளைகளுக்கும், என் உறவுக்காரர்களுக்கும்,

கரையான்சாவடியிலிருந்து உங்கள் டீச்சர் எழுதுகிறேன். வழக்கம்போல நீளமாகத்தான் இருக்கும். 33 வருஷம் 45 நிமிஷப் பீரியடாகப் பேசிப் பழகிய வாய், நாலு வரியில் முடிக்கத் தெரியாது. அவசரக்காரர்கள் ராத்திரி படித்துக்கொள்ளலாம்.

பொங்கல் முடிந்த வாரம் எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்பிலிருந்து மூன்று பேர் வெளியேறினார்கள். ஒருவர் என் சித்தப்பா மகன். சின்ன வயதில் இடுப்பில் தூக்கிச் சுமந்த தம்பி. காரணம், நான் போட்ட ஒரு புகைப்படம். கீழ்வெண்மணி நினைவிடத்தின் முன்னால் நான் நிற்கும் படம். கீழே "25.12.1968, 44 பேர்" என்று மட்டும் எழுதியிருந்தேன். வேறு ஒரு வார்த்தை இல்லை.

இதே குரூப்பில் போன ஜூன் மாதம் இன்னொரு படம் போட்டேன். அட்லாண்டாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, இரண்டரை மணி நேரம் காரில் கூட்டிக்கொண்டு போய் அலபாமாவில் மான்ட்கொமரி என்ற ஊரில் ஒரு நினைவிடம் காட்டினாள். வெள்ளையர் கும்பல்கள் அடித்தும் தூக்கிலிட்டும் எரித்தும் கொன்ற கறுப்பின மக்களுக்கான நினைவிடம் அது. 2018-ல் திறந்தார்கள். அந்தப் படத்துக்கு விழுந்த கைகூப்பும் கண்ணீரும் இதயமுமாக எண்ணிப் பார்த்தேன், 38. "மனிதன் எவ்வளவு கொடூரமானவன்!" என்று எழுதினான் அதே தம்பி. "உங்களை மாதிரி டீச்சர் கிடைக்க நாங்க கொடுத்து வெச்சிருக்கணும் அத்தை" என்றாள் ஒரு மருமகள்.

வெண்மணிக்கு வந்ததைச் சொல்கிறேன். அரை மணி நேரம் ஒன்றுமே இல்லை. நீல டிக் மட்டும் விழுந்துகொண்டே இருந்தது. பிறகு, "அத்தை, இதெல்லாம் இப்ப எதுக்கு? நாலு பேர் பாக்குற குரூப்பு." அடுத்து, "அது கூலித் தகராறு. சாதின்னு திருப்பாதீங்க." அடுத்து, "பெரியப்பா பேருக்கு நீங்களே சேறு பூசாதீங்க." பெரியப்பா என்பது என் அப்பா. அவரை நான் எங்கேயுமே குறிப்பிடவில்லை. பெயர் சொல்லாதபோதே ஓடிவந்து காப்பாற்றுகிறார்கள் என்றால், எதிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

குரூப்பில் சண்டை போட எனக்கு வயசு இல்லை. இங்கே எழுதுகிறேன், எல்லோரும் படிக்கட்டும்.

முதலில் மான்ட்கொமரி. அங்கே 800-க்கும் மேற்பட்ட இரும்புப் பாளங்கள் மேலிருந்து தொங்குகின்றன. ஒவ்வொன்றும் ஒரு கவுண்டிக்கு. நம் கணக்கில் தாலுகா, மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தந்தக் கவுண்டியில் கொல்லப்பட்டவர்களின் பெயரும் தேதியும் வெட்டியிருக்கிறது. 1877-லிருந்து 1950 வரை, 4,400 பேருக்கு மேல். உள்ளே நுழையும்போது பாளங்கள் நம் முகத்துக்கு நேரே நிற்கின்றன. நடக்க நடக்கத் தரை இறங்கிக்கொண்டே போகிறது, பாளங்கள் தலைக்கு மேலே போய்விடுகின்றன. கடைசியில் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். எனக்குக் கழுத்து வலி, அதனால் அடிக்கடி நின்றேன். சுவரில் சின்னச் சின்னப் பலகைகள், யார் எதற்காகக் கொல்லப்பட்டார் என்று. போலீஸ்காரரை 'மிஸ்டர்' போடாமல் கூப்பிட்டதற்காக ஒருவர். கல்லெறிந்த வெள்ளைக்காரக் குழந்தைகளை அதட்டியதற்காக எலிசபெத் லாரன்ஸ் என்ற பெண், பர்மிங்காம், 1933. நான் 33 வருஷத்தில் எத்தனை ஆயிரம் குழந்தைகளை அதட்டியிருப்பேன்!

வெளியே புல்வெளியில் அதே பாளங்களின் இரண்டாம் பிரதி வரிசை வரிசையாகப் படுத்திருந்தது. அந்தந்த ஊர்க்காரர்கள் வந்து, இது எங்கள் ஊரில் நடந்தது என்று ஒத்துக்கொண்டு, தங்களுடையதை வாங்கிக்கொண்டு போய் ஊரில் நிறுத்த வேண்டும் என்ற எண்ணத்தில் செய்தவை. பேரன் கேட்டான், "பாட்டி, ஏன் இன்னும் யாரும் எடுத்துட்டுப் போகல?" மகள் பதில் சொன்னாள், "அவங்க தாத்தா பேரு கெட்டுப்போகும்ல, அதான்." சொன்னவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கு விஷயம் தெரியும். அந்த ரசீதைப் பெட்டியிலிருந்து எடுத்தவளே அவள்தான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

இப்போது வெண்மணி. தெரியாதவர்கள் என் மாணவர்களிலேயே நிறைய இருப்பீர்கள். அது உங்கள் தப்பில்லை.

அப்போதைய தஞ்சாவூர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதி, இன்றைய நாகப்பட்டினம் மாவட்டம். நெல் விளைகிற பூமி. நிலம் மிராசுதார்களிடம், உழைப்பு சேரியில். எதிர்த்துப் பேசிய பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த மாவட்டம் அது. செங்கொடிச் சங்கம் வந்த பிறகு அவர்கள் நிமிர்ந்து நின்று கூலி கேட்டார்கள். அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டார்கள் என்றுதான் அந்தப் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று ஒன்றை வைத்துக்கொண்டார்கள். சேரியில் பறக்கும் கொடியை இறக்கு என்றார்கள், வெளியூரிலிருந்து ஆள் இறக்கி அறுத்தார்கள். 1968 டிசம்பர் 25 அன்று நடந்த மோதலில் மிராசுதார் தரப்பில் ஒருவர் இறந்தார். அன்று இரவு கும்பலாக வந்து சேரியைத் தாக்கினார்கள். ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். ஓட முடியாதவர்கள் தெருக்கோடியில் இருந்த ராமையாவின் குடிசைக்குள் ஒடுங்கினார்கள். குடிசை கொளுத்தப்பட்டது. 44 பேர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

பிறகு நீதி. நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம் 1970-ல் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட மிராசுதார்களுக்கு 10 ஆண்டு தண்டனை கொடுத்தது. 1973-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. இவர்கள் பெரும் நிலம் வைத்திருக்கும் பணக்காரர்கள், கார் வைத்திருப்பவரும் இவர்களில் உண்டு, இப்படிப்பட்டவர்கள் வேலையாட்களை அனுப்பாமல் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்தார்கள் என்பது நம்பத்தக்கதாக இல்லை, இந்தப் பொருளில் தீர்ப்பில் எழுதியிருக்கிறது. இதை முதல் தடவை படித்தபோது அச்சுப் பிழை என்று நினைத்தேன். கார் வைத்திருப்பது ஒரு அலிபி என்று எந்தச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது? மிராசுதார் தரப்பில் இறந்த அந்த ஒருவரின் கொலைக்குத் தொழிலாளர்கள் சிறைக்குப் போனார்கள். 44 பேருக்காகச் சிறையில் இருந்து தண்டனையை முடித்தவர் ஒருவரும் இல்லை. 1980-ல் கோபாலகிருஷ்ண நாயுடு வெட்டிக் கொல்லப்பட்டார். "அவரையும்தான் கொன்னுட்டாங்களே, கணக்கு சரியாப் போச்சே" என்று ஒரு மாமா குரூப்பில் எழுதியிருந்தார். கோர்ட்டில் முடிய வேண்டியது வயல் வரப்பில் முடிந்ததை நான் கொண்டாட மாட்டேன். ஆனால் மாமா, 44-க்கு 1 என்று கணக்கு சரிபார்க்கும் உங்கள் வாய்ப்பாடு எந்த ஸ்கூலில் படித்தது?

சரி, "கூலித் தகராறு" என்பதற்கு வருகிறேன். இந்த வார்த்தையைத்தான் நான் 50 வருஷத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு 9 வயது அப்போது. மார்கழி மாதம், வாசலில் கோலம். பெரியவர்கள் குசுகுசுவென்று பேசுவார்கள், நாங்கள் கிட்டப் போனால் நிறுத்திவிடுவார்கள். "என்னப்பா?" என்றதற்கு அப்பா சொன்னது இதுதான்: "ஒண்ணுமில்ல, அங்க ஏதோ கூலித் தகராறு." கூலிப் பிரச்சினை உண்டு, யார் இல்லை என்றது? செங்கொடிக்காரர்களும் வர்க்கப் போராட்டம் என்றுதான் சொல்லிவந்தார்கள். அந்தச் சங்கத்தில் மற்ற சாதிக்காரர்களும் இருந்தார்கள். ஆனால் கூலிப் பிரச்சினை என்பதால் சாதிப் பிரச்சினை இல்லை என்று ஆகிவிடுமா? தீ வைத்த இடம் எது? சேரி. எரிந்தவர்கள் யார்? தலித் குடும்பங்கள். கூலி கேட்ட ஆம்பளைகளோடு தகராறு என்றால், இடுப்புக் குழந்தை எந்தக் களத்தில் எத்தனை மரக்கால் கேட்டது? எங்கள் வீட்டிலும் ஆள் கூலி கேட்டு முறைத்துக்கொண்டு போனதுண்டு. எங்கள் தெரு மாட்டு வண்டிக்காரர், எங்கள் சொந்தத்திலேயே ஏழை, அவரும் கூலிக்குச் சண்டை போட்டார். அவர் வீட்டைக் கொளுத்தும் யோசனை யாருக்கும் வரவில்லை. யார் வீட்டைக் கொளுத்தலாம் என்பதை முடிவு செய்தது எது என்று நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்று சொல்கிறேன், அமெரிக்காவுக்காக உருகியவர்களுக்கு. 1919-ல் ஆர்கன்சா மாநிலத்தில் ஈலேன் என்ற ஊர். கறுப்பினக் குத்தகை விவசாயிகள் பருத்திக்கு நியாயமான விலை கேட்டுச் சங்கம் கட்டினார்கள். ஒரு தேவாலயத்தில் கூட்டம் போட்டிருந்தபோது துப்பாக்கிச் சண்டை, ஒரு வெள்ளைக்காரர் இறந்தார். பிறகு நாள்கணக்கில் வேட்டை. நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்பர்கள் கொல்லப்பட்டதாகச் சொல்கிறார்கள். வழக்கு வந்தபோது மரண தண்டனை யாருக்கு? கறுப்பர்கள் 12 பேருக்கு. 1923-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அவர்கள் தலை தப்பியது. கொன்ற வெள்ளையர் ஒருவர்மீதும் வழக்கு இல்லை. சங்கம், கூலி, ஒரு சாவு, அதற்குப் பதிலாக ஊரே பலி, பிறகு தலைகீழ் நீதி. இதை யாராவது "பருத்தி விலைத் தகராறு" என்று சொன்னால் நம் குரூப்பில் சும்மா விடுவீர்களா? இனவெறி என்று கொந்தளிப்பீர்கள். தஞ்சாவூர் நெல் என்றதும் தகராறாகிவிடுகிறது.

"சாதி வேற, இனம் வேற" என்று என்னிடம் படித்து இன்று வக்கீலாக இருக்கும் ஒரு பையன் பணிவாக எழுதியிருந்தான். 2001-ல் தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்தில் இனவெறிக்கு எதிரான உலக மாநாடு நடந்தபோது நம் அரசாங்கமும் இதையேதான் சொன்னது. வாதமாக அது நிற்கலாம் தம்பி. தோலின் நிறம் எங்களுக்குள் ஒன்றுதான். ஆனால் பிறப்பை வைத்து ஒருவரை எங்கே குடியிருக்க வேண்டும், எந்தக் கிணற்றில் இறைக்க வேண்டும், யாரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று வகுத்து, மீறினால் கொல்வது என்று இருந்தால், அதற்கு எந்தப் பெயர் வைத்தாலும் எனக்குச் சம்மதம். பெயரில் தகராறு செய்துகொண்டு விஷயத்தைத் தப்பவிடாதே என்றுதான் சொல்கிறேன். அடுத்த வருஷமே ஐ.நா.வின் இனப் பாகுபாட்டு ஒழிப்புக் குழு, வம்சாவளி அடிப்படையிலான பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று எழுதிவிட்டது. அதையும் படித்துப் பார்.

"பழசைக் கிளறாதீங்க" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. மான்ட்கொமரியில் உள்ள சாவுகள் 1950-ல் முடிகின்றன. வெண்மணி அதற்கு 18 வருஷம் கழித்து நடந்தது. பழையதற்கு அழுகிறீர்கள், புதியதைப் பழசு என்கிறீர்கள். இன்னும் பக்கத்தில் வருகிறேன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், கூடப் படித்த பையன்களே ஒரு பட்டியல் சாதி மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் கையில் கலர் கயிறு கட்டுவதைத் தடை செய்யச் சொன்னது. அந்தக் கயிறுகளை நான் பார்த்திருக்கிறேன், என் கடைசி வருஷங்களில், இந்தப் பக்கத்துப் பள்ளியிலேயே. "சாமிக் கயிறு டீச்சர்" என்பார்கள். நான் தலையாட்டிவிட்டுப் போர்டு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

இனி அப்பா. தம்பி, நீ குரூப்பை விட்டுப் போனாலும் இதை யாராவது உனக்கு அனுப்புவார்கள், படி.

அப்பா யார் குடிசைக்கும் தீ வைக்கவில்லை. அவர் அன்று ஊரிலேயே இல்லை, கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். பெரிய மிராசும் இல்லை, ஒரு வேலிக்கும் குறைவு. வீட்டு வாசலுக்கு வந்தவரைப் பட்டினியாக அனுப்பியதில்லை. எல்லாம் உண்மை. அவர் போன பிறகு தகரப் பெட்டியைக் குடைந்தபோது பத்திரங்களுக்கு நடுவில் ஒரு ரசீது இருந்தது. அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்து மிராசுதார்கள் சேர்ந்து வைத்திருந்த ஒரு சங்கத்துக்கு அவர் கட்டிய சந்தா, 1968. பெரிய தொகை இல்லை. அந்தப் பணம் எதற்குப் போனது என்று சொல்ல ஆளில்லை. ஆனால் அதே மாதங்களில் "அவனுங்களுக்கு வாய் நீண்டுபோச்சு" என்று அவர் திண்ணையில் உட்கார்ந்து சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது. நல்ல மனிதர்கள் சந்தா கட்டுவார்கள், திண்ணையில் பேசுவார்கள், விடிந்து சேதி வந்ததும் "கூலித் தகராறு" என்று சொல்லிப் பிள்ளையை உள்ளே அனுப்புவார்கள். அலபாமாவிலும் கயிறு பிடித்தவர்கள் கொஞ்சம்தான். சுற்றி நின்று பார்த்தவர்களும், வீட்டுக்குப் போய்ப் பேசாமல் சாப்பிட்டவர்களும்தான் ஊர். அப்பாவை எனக்குப் பிடிக்கும். பிடிக்கும் என்பதற்காக ரசீதைக் கிழித்துப் போட மாட்டேன்.

என் பங்குக்கு வருகிறேன். வருஷா வருஷம் பத்தாம் வகுப்புக்கு ஜாலியன்வாலா பாக் நடத்துவேன். 1919 ஏப்ரல் 13, ஒரே குறுகிய வாசல், அரசாங்கக் கணக்கில் 379 பேர், கிணற்றில் குதித்தவர்கள். உங்களில் பலர் அழுதிருக்கிறீர்கள், நானும் குரல் கம்மியிருக்கிறேன். ஒரு வருஷம், கடைசி பெஞ்சுக்கு முந்தின பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். "டீச்சர், வெண்மணியில எத்தனை பேரு?" அவள் அப்பா அந்தப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு இங்கே வந்தவர் என்று எனக்குத் தெரியும். நான் என்ன சொன்னேன்? "அது பாடத்துல இல்ல. உட்காரு." எனக்கு எண்ணிக்கை தெரியும். 9 வயதிலிருந்து தெரியும். அவள் உட்கார்ந்தாள், நோட்டைத் திறந்து ஏதோ எழுதுகிற மாதிரி குனிந்துகொண்டாள். டயர் பேரைத் திட்ட எனக்குத் தைரியம் தேவைப்படவில்லை பாருங்கள், அவன் வெள்ளைக்காரன். அம்மா, நீ இதைப் படிக்கிறாயோ என்னவோ. 44. உன் கேள்விக்கு 20 வருஷத்துக்கு மேல் தாமதமாகப் பதில்.

அதனால்தான் போனேன். எழும்பூரில் ராத்திரி ரயில் ஏறி, திருவாரூரில் இறங்கி, கார் பிடித்து, கீழ்வேளூர், தேவூர் வழியாக. தை மாதம், சம்பா கதிர் தலை சாய்ந்து நின்றது. எங்கள் ஊரிலிருந்து அதிக தூரம்கூட இல்லை. இத்தனை வருஷம் வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் எட்டுக்குடிக்கும் போயிருக்கிறேன், இந்தத் திருப்பத்தில் மட்டும் வண்டி திரும்பியதில்லை. டிசம்பர் 25-ல் அங்கே கூட்டம் கூட்டமாக வருவார்கள், செங்கொடியோடு, மலர் வளையத்தோடு. நான் போனது சாதாரண நாள். ஆளில்லை. பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். அட்டெண்டன்ஸ் எடுத்துப் பழகிய கண், தானாக அப்படித்தான் படித்தது. வாசுகி என்று இரண்டு பேர். ஜெயம் என்று இரண்டு பேர். என் வகுப்பாக இருந்தால் இனிஷியல் சேர்த்துக் கூப்பிட்டிருப்பேன். என் வயதை ஒட்டிய பிள்ளைகள் பலர். இருந்திருந்தால் இன்று பேரன் பேத்தி எடுத்து, என்னைப் போல முழங்கால் வலி என்று புலம்பிக்கொண்டிருப்பார்கள்.

வெளியே வரும்போது தெருவில் ஒரு அம்மா, என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், கேட்டார். "எந்த ஊரும்மா?"

"மெட்ராஸ். பூந்தமல்லி பக்கம்."

"சொந்த ஊரே அதானா?"

"ஆமாம்மா" என்றேன்.

66 வயதில், 44 பெயரைப் படித்துவிட்டு வந்த வாயால் பொய் சொன்னேன். ஊர்ப் பெயரைச் சொன்னால் அடுத்து யார் வீடு என்று கேட்பார், அந்தப் பக்கத்து மனிதர்களுக்கு எல்லார் வீடும் தெரியும். அவர் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். எங்கள் வீட்டில் அந்தத் தெருக்காரர்களுக்குத் தண்ணீர் எப்படி ஊற்றினார்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. குனிந்து கை ஏந்த வேண்டும், சொம்பு படாமல் மேலே இருந்து ஊற்றுவாள் பாட்டி.

குரூப்பில் என்னிடம் "படத்தை எடுத்துடுங்க" என்று கேட்டவர்களுக்கு: எடுக்க மாட்டேன். குரூப்பை விட்டுப் போகிறவர்கள் போகலாம், கல்யாணப் பத்திரிகை அனுப்பினால் வருவேன், மொய்யும் வைப்பேன்.

இந்த டிசம்பர் 24 ராத்திரி எழும்பூரிலிருந்து மறுபடி போகிறேன். டிக்கெட் 60 நாளைக்கு முன்னால் திறப்பார்கள், கிறிஸ்துமஸ் சமயம், சீக்கிரம் தீர்ந்துவிடும். என்னோடு வர விரும்பும் பிள்ளைகள் போன் பண்ணுங்கள், என் நம்பர் மாறவில்லை. தம்பி, உனக்கும் ஒரு லோயர் பெர்த் சேர்த்துத்தான் போடப் போகிறேன். அந்த அம்மா எந்தத் தெரு, எந்த வீடு என்று அடையாளம் வைத்திருக்கிறேன். முதலில் அங்கே போய் ஊர்ப் பெயரைத் திருத்திச் சொல்ல வேண்டும். அப்பா பெயரையும்.